நீல விளிம்புத் தட்டு

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
14 ஜூலை 1996

லாயிட்,

நீ பெர்த்திலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஓட்ஸ் டப்பாக்கள் நசுங்காமல் இருக்கின்றன. கேத்தரின் தன் கைப்பட எழுதிய செய்முறையும் கிடைத்தது. உன் பெண்டாட்டிக்கு என் நன்றியைச் சொல். உனக்கு நன்றி சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஈஸ்டர் அன்று போனில் இரண்டு பேரும் கத்தியது போதும் என்றுதான் நானும் நினைக்கிறேன். "போன்ல பேசினா சண்டைதான் வருதுக்கா, இனிமே லெட்டர் போட்டுக்கலாம்" என்றாய். சரி, போடுகிறேன். ஆனால் உன் அக்கா முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒருவன் பொய் சொன்னால் எனக்கு மூச்சிலேயே தெரிந்துவிடும். கடிதத்தில் மூச்சு கேட்காது. உனக்கு அது வசதி.

பிஸ்கெட் கதைக்கு வருகிறேன். கேத்தரின் சொன்ன பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரை போட்டேன். வால்நட்டுக்குப் பதில் முந்திரி உடைசல். சாக்லேட் கட்டியைக் கத்தியால் சீவினேன். அவள் சொன்ன நேரத்துக்கு வெளியே எடுத்தால் நடுவில் மெத்தென்று இருக்கிறது, விரலை வைத்தால் குழி விழுகிறது. எந்த வீட்டிலாவது பிஸ்கெட் மெத்தென்று இருக்குமா? வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளினேன். ஓடு மாதிரி ஆகிவிட்டது. கடித்தால் கடைவாய்ப் பல் கையில் வந்துவிடும்.

இரண்டாவது ட்ரே உள்ளே இருக்கும்போது தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டேன். ஆறின பிறகு எடுத்தால், ஓரம் மொறுமொறு, நடுவில் இழுத்து மெல்லும்படி ஒரு பதம். நம் ஊர்ப் பல்லுக்கு இது நமுத்துப்போன பிஸ்கெட்தான். ஆனால் ஒன்றோடு நிறுத்த முடியவில்லை, போ.

அந்த நேரம் பார்த்து கேட்டைத் தட்டினார் ஒருவர். பெயர் சந்தானம். அத்திபெலேக்காரர். வெள்ளைச் சட்டை, அக்குளில் தோல் பை. பக்கத்து பெர்னார்ட் வீட்டை வாங்கிய பில்டரின் ஆள். அடுத்து நம் வீடாம். ஈஸ்டரில் நீ எதற்குக் கத்தினாயோ அதே சங்கதிதான். வாசலுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப மம்மி நமக்குக் கற்றுத்தரவில்லையே. உட்காரவைத்தேன். தட்டில் வைத்ததை எல்லாம் தின்றுவிட்டு, "இது என்னா அக்காவ்ரே, வெந்துச்சா வேகலையா? இப்படி ஒண்ணு நான் சாப்பிட்டதே இல்ல" என்றார்.

"பிஸ்கெட் வெந்துடுச்சு. உங்க பருப்புதான் இங்க வேகாது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். பிள்ளைகளுக்கு என்று கொஞ்சம் கேட்டார். மம்மியின் நீல விளிம்பு எனாமல் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "எங்க வீடுகள்ல தட்டை வெறுமையா திருப்பற வழக்கம் கெடையாது. ஒரு ஸ்பூன் சக்கரையாவது வெச்சுத்தான் குடுக்கணும்" என்றும் சொன்னேன். "மறக்க மாட்டேன் அக்காவ்ரே" என்று போனார்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். இந்தக் கடிதத்தில் நீ தேடியது அதுவாக இருந்தால், இதோ எழுதிவிட்டேன்.

ஆஞ்சலா

*

பெர்த்
2 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

குக்கீஸ் நன்றாக வந்தது தெரிந்து கேத்தரின் குதிக்கிறாள். நடுவில் மெத்தென்று இருப்பதுதான் அதன் அழகாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் விரும்புகிறார்கள். நீ கடைசியில் கரண்ட் கட்டின் தயவில் கற்றுக்கொண்டாய் என்று சொல்லிச் சிரித்தாள்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழைய வேலை போய்விட்டது. புதிது கிடைக்கும். கேத்தரினின் முதுகு வலி அப்படியே இருக்கிறது. அதையெல்லாம் எழுதி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

அக்கா, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நீ ஒண்டியாள். அத்தனை பெரிய வீடு. ஓடு ஒழுகுகிறது, வயரிங் டாடி காலத்தது. நீ வேறு அந்த வட்ட ஓவனை நாள் முழுக்க ஓடவிடுகிறாய். பிளாட் கட்டினால் உனக்குத் தரைத்தளத்திலேயே ஒன்று தருகிறார்கள். நீ ஒரு தடவை பொறுமையாகக் கேட்டுப்பார். சந்தானம் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. சர்க்கரை இல்லாமல் டீ கொடுத்து, நாலு வார்த்தை பேசவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் பங்குக்கு நான் கையெழுத்துப் போட்டாயிற்று. வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உன்னுடையது இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. உன்னை நம்பித்தான் போட்டேன்.

உன் தம்பி
லாயிட்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
25 ஆகஸ்ட் 1996

லாயிட்,

சந்தானத்தின் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று நான் உனக்கு எழுதினேனா? என் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை.

பதில் சொல். கோபப்பட மாட்டேன். படுவேன், ஆனால் சொல்.

இங்கே நடப்பதைக் கேள். சந்தானம் சனிக்கிழமை தவறுவதில்லை. முதல் வாரம் தட்டில் சர்க்கரை வைத்துத் திருப்பிக் கொடுத்தார், மேலே கைக்குட்டை மூடி. பரவாயில்லையே, சொன்னதைக் கேட்கிற மனுஷன் என்று நினைத்தேன். மறுபடி பிஸ்கெட் வைத்துக் கொடுத்தேன். போன சனிக்கிழமை தட்டு நிறைய பட்டர் ஃப்ரூட்.

"எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"வாங்கல அக்காவ்ரே. மரத்துல இருந்துச்சு" என்றார்.

பழத்தைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. காம்புக்குக் கீழே மரு மாதிரி ஒரு முண்டு. இந்தத் தெருவில் அப்படிக் காய்க்கிறது ஒரே மரம்தான், நம் பாத்ரூமுக்குப் பின்னால் நிற்கிறதே, அது. பின்கட்டுச் சுவரில் டாடி கண்ணாடிச் சில்லு பதித்தது அப்படியே இருக்கிறது. கேட்டும் பூட்டித்தான் இருந்தது. என் மரத்துப் பழத்தை எனக்கே தட்டில் வைத்துத் தருகிறான் பார், என்ன நெஞ்சழுத்தம்! முகத்துக்கு நேரே கேட்டேன். "பெர்னார்ட் சார் வீட்டுப் பக்கம் கெள நீட்டிக்கிட்டு இருக்கு அக்காவ்ரே" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கிளையும் அந்தப் பக்கம் நீளவில்லை.

பெர்னார்ட் வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். காலையிலிருந்து சம்மட்டி. ஒவ்வொரு அடிக்கும் என் அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணு என்கின்றன. மாவு பிசைகிற கிண்ணத்தில் எங்கிருந்தோ சுண்ணாம்புத் தூள் விழுகிறது. ஈரத்துணி போட்டு மூடித்தான் வைக்கிறேன்.

டீ விஷயம் என்ன?

ஆஞ்சலா

*

பெர்த்
13 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்கா,

நீ சின்னதையும் பெரிதாக்குகிறாய். ஒரே ஒரு தடவை அவர் எனக்குப் போன் செய்தார். அப்போது ஏதோ பேச்சில் சர்க்கரை வியாதி என்றார். அவ்வளவுதான். உன்னிடம் மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் நீ தைய தக்கா என்று குதிப்பாய், அதனால் எழுதவில்லை.

நாலு பழத்துக்கா இவ்வளவு? சின்ன வயதில் பெர்னார்ட் அங்கிள் வீட்டு மாங்காயை நாம் பறிக்காததா? மனுஷன் உன் வழக்கத்தை மதித்து வெறும் தட்டு தராமல் இருக்கிறார். அதையும் குற்றமாக்கினால் எப்படி?

எனக்கும் அந்த வீட்டின்மேல் ஆசை இல்லை என்று நினைக்காதே. டாடி செத்த பிறகு அவர் ரயில்வே கோட்டிலிருந்து பித்தளைப் பொத்தானை வெட்டி, வாசல் சாவி இரண்டிலும் ஆளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டோமே. என் சாவி இன்னும் என் கட்டில் பக்கத்தில்தான் தொங்குகிறது. ஏர்போர்ட்டில் உன்னிடம் சொன்னது மறக்கவில்லை. "நான் வரும்போது பெல் அடிக்க மாட்டேன்க்கா, நானே தொறந்துக்கிட்டு வருவேன்." அன்று நீ எவ்வளவு அழுதாய்!

குக்கீஸில் கொஞ்சம் உப்பு தூவிப் பார்க்கச் சொல்கிறாள் கேத்தரின். சாக்லேட் ருசி தூக்குமாம்.

லாயிட்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
19 அக்டோபர் 1996

லாயிட்,

உப்பு தூவினேன். கேத்தரின் சொன்னது சரிதான். அதற்கு மேல் நல்ல செய்தி எதுவும் இல்லை.

மம்மி மாவு அளக்கிற தகரக் கப் உனக்கு நினைவிருக்கும், கைப்பிடி உடைந்து டாடி ஈயம் வைத்து ஒட்டியது. அதில்தான் ஓட்ஸ் அளக்கிறேன். போன வாரம் சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால் காணோம். அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினேன். வயசாகிறது, எங்கேயோ வைத்துவிட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்றைக்கு சந்தானம் வந்தார். கைக்குட்டையை எடுத்தால், தட்டின் நடுவில் அந்தக் கப்.

"இடிச்ச மண்ணுல கெடந்துச்சுன்னு பசங்க குடுத்தாங்க. உங்களதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுது அக்காவ்ரே. பத்திரமா வெச்சுக்கக் கூடாதா?" என்கிறார், எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி. என் கப் இவருக்கு எப்படித் தெரியும்? அடுப்படி வரைக்கும் நான் இவரை விட்டதே இல்லை. கப்பைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். மண்ணில் கிடந்த பொருளில் ஒரு பொட்டு மண் இல்லை.

டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். நான், லாயிட்!

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்தவர், "கப்பு காணாப் போச்சு, திரும்ப வந்துடுச்சு. அப்புறம் என்னம்மா கம்ப்ளெய்ன்ட்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பி வந்து ட்ரேயை ஓவனில் வைத்தேன். கரண்ட் போயிற்று. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. லைன்மேன் கோவிந்தப்பா வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். இறங்கினவர் என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, இது தானா போகல. யாரோ கட் மாடிதாரெ" என்றார். யாரோ வெட்டியிருக்கிறார்களாம், கட்டிங் பிளேயரால் வெட்டின வயர் நுனியைக் காட்டினார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "ஒப்பரே இர்பேடி அம்மா" என்று மட்டும் சொன்னார். தனியாக இருக்காதீங்க என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். உன் நம்பரைச் சுழற்றலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். லெட்டர் போட்டுக்கலாம் என்று சொன்னவன் நீ, நான் ஏன் முதலில் இறங்கிவர வேண்டும் என்று வைத்துவிட்டேன். உன் அக்கா திமிர் பிடித்தவள் என்பது உனக்குப் புதிதல்ல.

பெர்னார்ட் வீடு தரைமட்டம். சம்மட்டிச் சத்தம் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இருந்தபோதே தேவலை. பின்கதவுப் பூட்டை மாற்றிவிட்டேன். வாசல் பூட்டையும் மாற்றப்போகிறேன்.

ஆஞ்சலா

*

பெர்த்
5 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் படித்து எனக்குத் தூக்கமில்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கூலிப் பசங்க சுவர் ஏறிக் குதித்துக் கையில் கிடைத்ததைத் தூக்குவது நடக்கிறதுதான். அந்த மனுஷர் அதைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வயர் எலி கடித்ததாகக்கூட இருக்கலாம்.

பின்கதவை மாற்றியது நல்லது. வாசல் பூட்டை மட்டும் மாற்றாதே, ப்ளீஸ். அது டாடி வாங்கிப் பொருத்தினது. அந்த மாதிரிக் கனமான பூட்டு இப்போது கிடைக்குமா? அதை மாற்றிவிட்டால் என் சாவியை நான் என்ன செய்வது? நான் வந்து திறக்க வேண்டாமா?

கேத்தரினின் அண்ணன் மைக்கேல்ராஜ் இந்த மாதக் கடைசியில் பெங்களூர் வருகிறான். அவனிடம் ஓட்ஸும் நல்ல கறுப்பு சாக்லேட்டும் கொடுத்தனுப்புகிறேன். இந்த சாக்லேட் போட்டு ஒரு தடவை செய்து பார், பிறகு பழையதைத் தொடமாட்டாய்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் நல்ல முடிவுக்கு வந்துவிடு அக்கா. இங்கே எனக்கும் நாள் தள்ளிக்கொண்டே போக முடியாத நிலைமை. அதை எழுதினால் நீ தாங்கமாட்டாய்.

லாயிட்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
2 டிசம்பர் 1996

லாயிட்,

'நான் வந்து திறக்க வேண்டாமா' என்று நீ எழுதிய இடத்தை எத்தனை தடவை படித்தேனோ. அழுதேன். பூட்டு ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மைக்கேல்ராஜ் வந்தான். கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார், என்ஜினை நிறுத்தக்கூட இல்லை. "உள்ள வாடா, பிஸ்கெட் சாப்பிட்டுப் போ" என்றேன். "லேட்டாச்சு ஆன்ட்டி, இன்னொரு எடத்துல ஒண்ணு குடுக்கணும்" என்று பையை நீட்டிவிட்டு ஓடினான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அந்த டிரைவரை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று அப்போதே உறுத்திற்று. சந்தானத்தை சனிக்கிழமைகளில் கொண்டுவந்து விடுகிறவன்தான் அவன். வாடகைக் கார் எல்லோருக்கும் பொதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் சாக்லேட் அருமை. சனிக்கிழமை அதைப் போட்டுச் செய்து டப்பா நிறைய வைத்திருந்தேன்.

நேற்று ஞாயிறு. வாசலைப் பூட்டிவிட்டு சர்ச்சுக்குப் போனேன். திரும்பி வந்து திறந்தேன். பூட்டு சரியாக இருந்தது. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. ஜன்னல் கம்பி ஒன்றும் வளையவில்லை. அடுப்படிக்குப் போனால் நாற்காலி மேஜையை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டிருக்கிறது. பிஸ்கெட் டப்பா மூடி திறந்து கிடக்கிறது. மேஜைமேல் ஒன்று பாதி கடித்தபடி. என் டீ கிளாஸ் கழுவி, சிங்க்கின் இடது பக்கம் கவிழ்த்து வைத்திருக்கிறது. நான் வலது பக்கம் கவிழ்ப்பவள். யாரோ உட்கார்ந்து, நிதானமாக டீ போட்டுக் குடித்து, கழுவியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சர்க்கரை டப்பாவைத் தொடவே இல்லை.

திருட வந்தவன் அவசரப்படுவான். இவனுக்கு அவசரமே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

தம்பி, வாசலுக்குச் சாவி இரண்டுதான். ஒன்று என் இடுப்பில், தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இன்னொன்று உன் கட்டில் பக்கத்தில். எழுந்து போய்ப் பார். அது தொங்குகிறதா, டாடியின் பொத்தானோடு? பார்த்துவிட்டு ஒரு வரி எழுது. இப்போதே நான் பூட்டை மாற்றலாம். மாற்றினால் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று ஆகிவிடும். உன் பதில் வரும்வரை மாற்றமாட்டேன். வீட்டில் இருக்கும்போது உள்ளே இரும்புத் தடியைக் குறுக்கே போட்டுக்கொள்கிறேன். வெளியே போகும்போதுதான் அதற்கு வழியில்லை.

எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா

*

பெர்த்
11 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

சாவி இங்கேதான் இருக்கிறது. வேறெங்கே போகும்?

நீ ரொம்பத் தளர்ந்துபோயிருக்கிறாய். நாற்காலியை நீயே இழுத்துப் போட்டிருப்பாய், மறந்திருப்பாய். தனியாக இருந்தால் இப்படித்தான். கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு அக்கா. எல்லாம் சரியாகிவிடும்.

உனக்கு எங்கள் கிறிஸ்மஸ் வாழ்த்துகள். கேத்தரின் முத்தம் அனுப்புகிறாள்.

லாயிட்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
21 டிசம்பர் 1996, சனிக்கிழமை

லாயிட்,

உன் கடிதம் நேற்று வந்தது. சாவி இங்கேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். தம்பியைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

இன்று காலை சந்தானம் வந்தார். பெல் அடித்தார். கப் கொடுத்த அன்று அவரே கையோடு எடுத்துப்போன தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். கைக்குட்டையை எடுத்தேன். சாவி. கட்டியிருந்த நூல்கூட நான் அன்று கட்டினதுதான், பச்சை நூல். பொத்தானின் ஓரத்தில் நீ ஆறு வயசில் கடித்த பல் தடம் இருக்கிறது. தடவிப் பார்த்தேன்.

"ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும் அக்காவ்ரே. நாங்க வேற அடிச்சுக்கிட்டோம். தட்டு வெறுமையா வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அதட்டவே இல்லை. நீ சொன்னது சரி, அவர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. "கிறிஸ்மஸுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. இன்னிக்குக் கடைசியா பெல் அடிச்சேன்" என்றும் சொன்னார். படியில் இறங்கும்போது திரும்பி, "வாசம் வருதே, புது மாவா?" என்று கேட்டார்.

நேற்று வந்த உன் கடிதத்தையும் இன்று வந்த சாவியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போனில் நீ இதைச் சொல்லியிருந்தால் முதல் வார்த்தையிலேயே உன் மூச்சில் கண்டுபிடித்திருப்பேன். அதற்குத்தானே லெட்டர் என்றாய்? டெலிபோன்காரி அக்காவை நன்றாக ஏமாற்றினாய்.

உனக்கு அங்கே என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. தாங்கமாட்டாய், தாங்கமாட்டாய் என்று எழுதினாயே தவிர, என்ன என்று ஒரு தடவையாவது எழுதினாயா? எழுதியிருந்தால் உனக்காகக் கையெழுத்தை நானே போட்டிருப்பேனடா. சத்தியமாகப் போட்டிருப்பேன். இனிப் போடமாட்டேன்.

பூட்டு ஆளுக்கு மறுபடி சொல்லி அனுப்பினேன். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஜனவரிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றான். யார் சொல்லி வைத்தார்களோ.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் மம்மியின் தட்டு வருகிறது. மேலே ஒரு சிட்டிகை சர்க்கரைகூட வைக்கவில்லை. இந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வெறுமையாகப் போகிறது இதுதான் முதல் தடவை. புரிந்துகொள்வாய்.

தபால் ஆபீசுக்கு நானே போகிறேன். வாசலைப் பூட்டிவிட்டுப் போவதில் இனி அர்த்தமில்லை, இருந்தாலும் பூட்டிக்கொண்டுதான் போவேன். திரும்பி வரும்போது உள்ளே நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது. யாராக இருந்தாலும் நான் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருவேன், வேறு எங்கே போக? மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். சர்ச் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னது. வந்துதான் ட்ரேயில் வைக்க வேண்டும்.

ஆஞ்சலா

*

பெர்த்
16 ஜனவரி 1997

அக்கா,

தட்டு நேற்று வந்தது. பிரித்ததும் கேத்தரின், "ஒண்ணும் இல்லையே, யாராவது எடுத்துட்டாங்களா?" என்று பார்சல் காகிதத்தை உதறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

உடனே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடாமல் செய்தேன். கடைசியில் எடுத்தார்கள். சந்தானம். நம் வீட்டுப் போனை சந்தானம் எடுத்து ஹலோ என்கிறார் அக்கா.

நீ எங்கே என்று கேட்டேன். "அக்காவ்ரே உங்ககிட்ட வரலையா சார்?" என்றார். "அன்னிக்கு ஏதோ பார்சல் தூக்கிக்கிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனாங்க. அப்புறம் நாங்க பாக்கல. ஈரத்துணி போட்டு மாவு மூடி வெச்சிருந்தாங்க. பூஞ்சை புடிச்சுப் போச்சு சார். கொட்டிட்டோம்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. உன்னைப்போல் எனக்கு மூச்சைப் படிக்கத் தெரியவில்லை. நீயாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

சர்ச்சுக்குப் போன் போட்டேன். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு நீ வரவில்லையாம். தம்பியோடு இருக்க பெர்த்துக்குப் போய்விட்டாய் என்று அவர்களிடம் யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். எல்லோரும் சந்தோஷப்பட்டார்களாம்.

நீ சர்ச்சில் இருக்கும்போது உள்ளே போய் அளந்து பார்க்க மட்டும்தான் சாவி என்றார்கள் அக்கா. அளந்து பார்க்க மட்டும்தான்.

சந்தானம் பேசும்போது பின்னால் தொம் தொம் என்று சம்மட்டிச் சத்தம் கேட்டது. பெர்னார்ட் அங்கிள் வீடு என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த வீடு அக்டோபரிலேயே தரைமட்டம் என்று நீ எழுதியிருக்கிறாய்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். அதற்கு முன்னால் இதைப் போடுகிறேன். யார் பிரிக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை. வேறு முகவரியும் எனக்குத் தெரியாது.

பெட்டியில் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். அதை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. காலையிலிருந்து அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே என்ன வைப்பது என்று தெரியவில்லை அக்கா.

லாயிட்